வலைக்குள் பழுத்த திராட்சை

ஒயின் திராட்சை எங்கள் பக்கத்து வெயிலைத் தாங்குமா என்று பார்க்க, பல்கலைக்கழகம் வேடந்தாங்கல் அருகே ஒரு விவசாயியின் நிலத்தில் கொடி நட்டது. அதைக் கூட இருந்து கவனிக்கும் வேலை எனக்கு. பழம் இனிக்கத் தொடங்கியதும் மைனாக்கள் வந்தன. வெடி போட்டு விரட்டச் சொன்னது எங்கள் துறையின் கையேடு.

"நாங்க தீபாவளிக்கே வெடிக்கிறதில்ல சார். ஏரில பறவைங்க குஞ்சு பொரிச்சிகினு கீது" என்றார் விவசாயி.

எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்களோ என்று கையேட்டின் மேல் எரிச்சலாக வந்தது. மாமல்லபுரம் பக்கத்து மீனவக் குப்பத்தில் பழைய நெத்திலி வலைகளை வாங்கி வந்து பந்தலை மூடினோம். மைனாக்களால் நுழைய முடியவில்லை. ஆனால் எவ்வளவு அலசியும் வலையிலிருந்து மீன் வாடை போகவில்லை.

முதல் ஒயினை ருசி பார்க்க விவசாயியையும் அழைத்திருந்தோம். துறைத் தலைவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"லேசா கடல் வாசம் வருது. இந்த மண்ணோட குணம். அறிக்கையில எழுதிடுங்க" என்றார்.

நான் விவசாயியைப் பார்த்தேன்.

"எழுதுங்க சார்" என்றார் அவர் மெதுவாக. "மண்ணு வந்து இல்லன்னு சொல்லவா போவுது?"