மத்தியானத் தூக்கத்தில் மடங்கிய கால்

ஆலங்குடி பஸ்ஸில் ஏறும்போதுதான் என் வலது முட்டி முதலில் சத்தம் போட்டது. பின்னால் நின்றவர், என் பையில் கடலை நொறுங்கிவிட்டதாக நினைத்து வருத்தப்பட்டார்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில், தேய்ந்த முட்டி மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். கால், நாற்காலியில் உட்காரும் அளவுக்காவது (செங்கோணம்) மடங்க வேண்டும். என்னுடையது பாதியில் நின்றது. பயிற்சியின்போது கட்டிக்கொள்ள, தொடைக்கு ஒன்றும் கெண்டைக்காலுக்கு ஒன்றுமாகச் சென்சார் பட்டைகள் (அசைவை அளந்து போனுக்கு அனுப்புபவை) கொடுத்தார்கள். திரையில் ஒரு குச்சிக்கால் என் காலைப் போலவே அசையும்.

"அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, மயக்கம் குடுத்து நாங்களே மடக்கணும்" என்றார் டாக்டர்.

எனக்கு இதயம் பலவீனம். ஆபரேஷனுக்குக் கொடுத்த மயக்கம் தெளிய நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் என் மனைவி செல்வி பாதிக் கிழவியாகிவிட்டாள்.

"பேசாம பட்டைய மச்சான் காலுல கட்டிரவா?" என்று பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் கேட்டேன். சிரிக்கத்தான் சொன்னேன்.

அடுத்த முறை போனபோது அவர் சிரிக்கவில்லை. "சார், மத்தியானம் யாரு காலுல கட்டுனீங்க?"

போனில், கால் மடங்கிய அளவைக் காட்டும் வரைபடத்தைக் காட்டினார். பயிற்சி நேரமெல்லாம் பாதியில் நின்ற கோடு, சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் செங்கோணத்தைத் தாண்டி ஏறியிருந்தது.

"என் காலுதாம்மா. கழட்டச் சோம்பேறித்தனப்பட்டு அப்படியே படுத்துத் தூங்கிட்டேன்."

"நம்பாதீங்கம்மா. நான் அப்பக் கடைக்குப் போயிட்டேன். இவரு என்ன வேணாலும் செய்வாரு" என்றாள் செல்வி.

டாக்டர் யோசித்தார். "சாப்பிட்டு வாங்க. இங்கயே படுங்க."

பட்டைகளோடு படுத்தேன். தூங்கியும் போனேன்.

விழித்தபோது மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். கால் நன்றாக மடங்கி, முட்டி விட்டத்தைப் பார்த்து நின்றது. வலியே இல்லை. நான் பார்த்ததும், பிடிபட்டதுபோல மெல்ல நீண்டு படுத்தது. அதன் பிறகே வலித்தது.

"ஏங்க, அதுபாட்டுக்கு நீட்டுது, மடக்குது. ஒங்களுக்குத் தெரியவே இல்லையா?" செல்வியின் குரல் இறங்கியிருந்தது.

"மூட்டு உள்ள ஒட்டிப்போயிருச்சுன்னு நெனச்சேன். அப்படி இல்ல" என்றார் டாக்டர். "முழிச்சிருக்கையில தசை பயந்து புடிச்சுக்கிருது. மயக்கம் வேணாம்."

மூட்டு மாற்றியவர்களே, உங்கள் கால் மடங்காவிட்டால் மூட்டு ஒட்டிக்கொண்டதா, தசையின் பயமா என்று கேளுங்கள். நான் இப்போது காலைப் பார்க்காமல், செல்வியோடு வம்பளந்துகொண்டே மடக்குகிறேன். மடங்குகிறது.

மத்தியானங்கள்தான் முன்போல என்னுடையவையாக இல்லை. விழிக்கும்போது கால்மாட்டில் போர்வை சுருண்டு கிடக்கிறது. நான் இல்லாத நேரத்தில் யாரோ வந்து வேலை பார்த்திருக்கிறார்கள். கண் திறந்தாலும் உடனே அசைவதில்லை. கால் தன் வேலையை முடித்துக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து, பிறகுதான் எழுந்திருக்கிறேன்.