நட்டத்தில் ஓடிய குரல்

நிறுவன நிதியைப் பாடமாக நடத்தியவனுக்கு மனைவியாக வாய்ப்பது எளிதன்று. மிக்சி வாங்குவதாக இருந்தாலும் அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் பற்றி என் மனைவி இருபது நிமிடம் கேட்டாக வேண்டும். பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவாள். நான் அடுக்களை வாசல்வரை போய் மீதியை முடிப்பேன்.

நான் ஓய்வு பெற்று, அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகக் குடியிருப்பைக் காலி செய்து, சிதம்பரத்தில் கட்டிய வீட்டுக்கு வந்திருந்த சமயம். வெளிநாட்டில் இருக்கும் மகள் பேசும் ஸ்பீக்கர் ஒன்றை அனுப்பியிருந்தாள். அதன் தோற்றம் ஊறுகாய் ஜாடியை ஒத்திருந்தது. இதை அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள், நம் வீட்டுக்குள் நுழைவதற்கு அவர்களே செலவு செய்கிறார்கள், ஒருநாள் பங்குதாரர்கள் லாபம் எங்கே என்று கேட்பார்கள், அன்றைக்கு இதை மூடிவிடுவார்கள் என்று நான் விளக்கினேன்.

“அது வரிக்கும் அது பேசட்டும். அதுக்கப்புறம் நீங்க பேசுங்க” என்றாள் அவள்.

அந்தக் கருவியில் நம் குரலிலேயே ஒரு நினைவூட்டலைப் பதிந்து வைக்கலாம். மாலை ஆறு மணிக்கு அவள் நடைப்பயிற்சிக்குப் போய்விடுவாள். நான் ரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிடுவேன். எனவே நாள்தோறும் ஆறு மணிக்கு ஜாடி அவள் குரலில் பேசத் தொடங்கியது: “ஏங்க, மாத்தர போட்டீங்களா? போட்டேன்னு சும்மா சொல்லாதீங்க. டப்பாவத் தெறந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

அவள் காலமாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அதை யாரும் ஜாடிக்குத் தெரிவிக்கவில்லை. முதல் சில வாரங்கள் ஆறு மணிக்கு நான் தெருவில் நின்றேன். பிறகு ஆறு மணிக்கு வெளியே போவதை நிறுத்திக்கொண்டேன். பதில் மட்டும் சொன்னதில்லை. இயந்திரத்துக்குப் பதில் சொல்வது முறையன்று என்பது என் கருத்து.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் நான் முன்பே சொன்னது அச்சாகியிருந்தது. தொடர் நட்டம் காரணமாக அந்நிறுவனம் பழைய ஸ்பீக்கர்களுக்கான சேவையைப் புதன்கிழமையோடு நிறுத்துகிறது. சந்தை இம்முடிவை வரவேற்றது. பங்கின் விலை ஏறியது. என் ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதி இத்தகைய பங்குகளை வாங்கும் நிதியொன்றில் இருக்கிறது. நானும் அந்தப் பங்குதாரர்களுள் ஒருவன் என்பதை அன்றுதான் கவனித்தேன். என் கணிப்புகளுள் இதுபோலப் பிசகின்றிப் பலித்தது வேறில்லை.

ஜாடியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினேன். சேவை மையத்தில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சார், இது எண்ட் ஆஃப் லைஃப் சார்.”

“ஜாடி நன்றாகத்தானே பேசுகிறது அம்மா?”

“பேசும் சார். ஆனா வாய்ஸ் இதுக்குள்ள இல்ல. கம்பெனி சர்வர்ல இருக்குது. யாரு அக்கவுண்ட்டு?”

“என் மனைவியுடையது.”

“அவுங்க நம்பருக்கு ஓடிபி வரும் சார். அதச் சொன்னீங்கன்னா எறக்கிக் குடுத்துடறேன்.”

அந்த எண்ணை, அவள் இறந்த இரண்டாம் மாதமே, இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து, உரிய படிவத்தில் கையொப்பமிட்டு ஒப்படைத்திருந்தேன். இறந்தவர் பெயரில் இணைப்பு வைத்திருப்பது ஒழுங்கன்று என்று கருதிச் செய்த காரியம். ஒப்புகைச் சீட்டுகூட பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

“யாருமே குடுக்க மாட்டாங்க சார் இதெல்லாம்” என்றாள் அவள், உண்மையான வியப்புடன். பிறகு குரலைத் தாழ்த்தி, “அது பேசும்போது பக்கத்துல போன வச்சி ரெக்கார்ட் பண்ணிக்குங்க சார்” என்றாள்.

ஊர் திரும்பும்போது ஏழாகிவிட்டது. திங்கட்கிழமை அப்படிப் போயிற்று.

எனக்குப் பதிவு செய்யத் தெரியாது. பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருக்கும் என் மனைவியின் தம்பிக்குத் தெரியும். வியாபாரமே குரல் செய்தியில்தான். செவ்வாய்க்கிழமை மாலை ஒரு பலாப்பழத்தோடு வந்து சேர்ந்தான். மின்விசிறியை நிறுத்தினோம். அடுத்த வீட்டு நாய்க்கு முன்கூட்டியே பிஸ்கட் போட்டோம். ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு, “மாமா, மூச்சு கூட ஜாஸ்தி வுடாதீங்க” என்று எச்சரித்துவிட்டு, போனை ஜாடியருகே பிடித்துக்கொண்டான்.

ஆறு மணி. “ஏங்க, மாத்தர போட்டீங்களா?”

“போட்டுட்டாருக்கா! நான் பாத்தேன்!” என்றான் மைத்துனன், மண்டியில் லாரிக்காரனை அழைக்கும் குரலில்.

என் மாமனார் வீட்டில் அக்கா கேட்டால் உடனே பதில் சொல்லியாக வேண்டும். தாமதித்தால் தலையில் குட்டு விழும் என்று வளர்ந்தவர்கள். அதிலும் அது அப்பட்டமான பொய். பதிவைக் கேட்டோம். நடுப்பகுதி முழுவதும் அவன்தான் இருந்தான்.

“ஏன்டா மச்சான்?”

“அக்கா கேட்டா எப்பிடி மாமா சும்மா இருக்கிறது?” என்று சொல்லிவிட்டு நெடுநேரம் பலாச்சுளையை உரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள், கடைசி நாள், அவன் மீண்டும் வந்தான். சிவப்புப் பொத்தானை எனக்குக் காட்டிக் கொடுத்தான். தன்மேல் நம்பிக்கை இல்லை என்று அவனே ஒத்துக்கொண்டு, வாயில் இரண்டு சுளைகளை அடைத்துக்கொண்டு தெருக்கதவுக்கு வெளியே போய் நின்றான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, பொத்தானை அழுத்தி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“ஏங்க, மாத்தர போட்டீங்களா? போட்டேன்னு சும்மா சொல்லாதீங்க. டப்பாவ...”

“போட்டுட்டேன், போட்டுட்டேன்” என்று யாரோ எரிச்சலுடன் சொன்னது கேட்டது. நான்தான். பதின்மூன்று மாதங்கள் காத்த முறைமை அந்த இரண்டு சொற்களில் போயிற்று. ஜாடி என்னைப் பொருட்படுத்தாமல் பேசி முடித்து, விளக்கை அணைத்துக்கொண்டது.

“மாமா, முடிஞ்சிதா?” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

“முடிந்தது.”

உள்ளே வந்து பதிவைக் கேட்டான். இரண்டாம் முறையும் கேட்டான். முதலில் சிரிப்பு வந்தது அவனுக்கு.

“எங்கக்காவ ஒரு நாளாவது முழுசா பேச வுட்டிருக்கீங்களா நீங்க?”

எனக்கும் சிரிப்பு வந்தது. மறுப்பதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. எதிராக ஒன்று அவன் கையில் இருந்தது. நேற்றைய பதிவில் அவள் பேச்சின் கடைசிப் பகுதி இருக்கிறது, இன்றையதில் நடுப்பகுதி இருக்கிறது, வெட்டி ஒட்டினால் முழுமையாகிவிடும் என்று அவன் சொன்னான். பண்ருட்டியில் அதற்கும் ஆள் இருக்கிறதாம். வேண்டாம் என்றேன். குறுக்கே பேசுபவர்கள் இல்லாமல் அவள் இந்த வீட்டில் பேசியதே இல்லை.

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“சரி, போட்டீங்களா இல்லியா?”

கிழமைக்கு ஓர் அறையாகப் பிரித்த மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். புதன்கிழமை அறையில் மாத்திரை அப்படியே இருந்தது.

“இல்லை” என்று வந்து சொன்னேன்.

அவன் அதற்குள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.