கதவு எண்ணுக்கு முன்னால் ஒரு ஒன்று

நான் வேலைக்குப் போன காலத்தில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஜாவா எழுதினார்கள். எனக்கு வாய்த்தது மெயின்பிரேம் என்ற அந்தக் காலத்துப் பெரிய கம்ப்யூட்டரின் அசெம்ப்ளர் மொழி. நான் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதிவைத்த புரோகிராம்களைச் சென்னையில் உட்கார்ந்து பழுது பார்ப்பேன். நல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த அப்பாவுக்கு இது ஆகவே ஆகாது.

"பழைய மிஷினக் கட்டிட்டு அழுவறதுக்கா கண்ணு இஞ்சினீரிங் படிச்சே? இந்தத் தடவ வந்தா திரும்பிப் போவேண்டாம், நம்ம கம்பெனியப் பாத்துக்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார். எனக்கோ அந்த வேலைமேல் கொள்ளை ஆசை. எப்படியாவது திங்கட்கிழமை பஸ் ஏறிவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் ஊர் வந்து இறங்கினேன்.

வந்தால் கம்பெனியில் ஒரே ரகளை. அருள்புரத்தில் ஒரு வீட்டுக்குத் தைக்க அனுப்பிய துணிக்கட்டுகள் போய்ச் சேரவில்லையாம். அலைந்து தேடியதில், அதே ரோட்டிலிருந்த கல்யாண மண்டபத்தில் சீர்வரிசைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தன. மாப்பிள்ளை வீட்டுச் சீர் என்று பெண் வீட்டார் நினைத்திருக்கிறார்கள். பெண் வீட்டுச் சீர் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்ததெல்லாம் டீ-சர்ட் கைகள்.

அப்பா புது டெம்போ டிரைவரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பீகாரிலிருந்து வந்த அந்த ஆள் கட்டின்மேல் இருந்த சீட்டைக் காட்டினார். அப்பா கைப்பட எழுதியது: 114. தைக்கும் வீடு பதினாலாம் நம்பர், மண்டபம் நூற்றுப்பதினாலு. அவசரம் என்றால் அப்பா முன்னால் ஒரு ஒன்றைச் சேர்த்துப் போடுவார். பழைய டிரைவர் பின்னால் இருக்கும் இரண்டு எண்ணை மட்டுமே பார்ப்பவர் என்பதால் அதுவரை வண்டி சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்கப்பா, மெட்ராஸ்ல நான் சரிபண்றது இதத்தானுங்க!"

புரோகிராமுக்குள் அட்ரஸ் கான்ஸ்டன்ட் என்று ஒன்று உண்டு. ஒரு தகவல் மிஷினின் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற விலாசம் அது. முப்பத்திரண்டு பிட், அதாவது முப்பத்திரண்டு இலக்கம் கொண்ட இடத்தில் பழைய மிஷின் பின்னால் இருக்கும் இருபத்துநாலைத்தான் விலாசமாகப் படிக்கும். முன்னால் எட்டு சும்மாதானே கிடக்கிறது என்று ஆளாளுக்கு அதில் ஏதாவது குறி போட்டுவைத்தார்கள். பிறகு முப்பத்தொரு பிட்டைப் படிக்கும் முறை வந்தது. குறியும் விலாசத்தோடு சேர்ந்துகொண்டது, புரோகிராம் சம்பந்தமில்லாத இடத்தில் போய் நின்றது.

"அதனால குறிய இனிமே வேற பக்கம் போடுங்கப்பா" என்றேன்.

"நா எதுக்கு மாத்தோணும்? இத்தன வருசமா இப்படித்தான எழுதறேன். படிக்கறவன் மொத நம்பர உட்டுட்டுப் படிக்கட்டும்."

எங்களுக்கு வேலை தரும் அமெரிக்க வங்கிக்காரர்கள் சொல்வதும் அச்சு அசல் இதுதான். எழுதியதைத் தொடாதே, மிஷினைப் பழைய முறையிலேயே படிக்கச் சொல்.

"உங்களாட்ட ஆளுங்க இருக்கறதுனாலதானுங்கப்பா என் பொழப்பே ஓடுது" என்றேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அங்கயும் என்னையாட்ட ஆளுங்க இருக்கறாங்களா?"

"நெறையப் பேருங்க."

"அட பாவமே! அவுங்களத் தனியா உட்டுட்டு நீ இங்க வந்து என்ன பண்ணுவே? திங்கக்கெழம கெளம்பு கண்ணு."