ஏலிக்குட்டி நிறுத்திய எண்ணெய்

திருவல்லா பக்கத்து ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில், கீழ்க்கட்டுப் பகுதியில் இருக்கிறவர்களுக்குக் குளி என்றால் அது ஏலிக்குட்டி கையால்தான். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். பதினோரு பேர் உடம்பும் அவளுக்கு அத்துப்படி. யாருக்கு எந்தத் தோள் தூக்க வராது, யார் முதுகில் தண்ணீர் பட்டதும் திட்டுவார்கள், எல்லாம் தெரியும். வெந்நீர், பயத்தமாவு, கடைசியில் கிண்ணி நிறையத் தேங்காயெண்ணெய். இந்த மூன்றும் இல்லாமல் உடம்பு நனைந்தால் மழையில் மாட்டிக்கொண்டது என்று பேர், குளி இல்லை என்பாள்.

அந்த வருஷம், பதினோரு பேரில் ஒருத்தியான சாறாம்மாவின் கால்புண் ஆறவே இல்லை. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்றார்கள். அவளைக் கோடி அறையில் தனியாக வைத்தார்கள். மூன்று பரிசோதனையில் கிருமி இல்லையென்று வந்தால்தான் பழைய அறைக்கு, ஆறு வருஷமாகத் தினமும் சண்டை போட்ட பெண்ணம்மா பக்கத்துக்குத் திரும்பலாம். சண்டை போட ஆளில்லாமல் சாறாம்மா கஞ்சியைத் தள்ள ஆரம்பித்தாள்.

"பேச்சுத் துணையில்லாம என்னத்தடி முழுங்குறது?" என்றாள். தோளெலும்பு நாளுக்கு நாள் துருத்திக்கொண்டு வந்தது.

புண்ணே இல்லாத நாலு பேர் தோலிலும் அதே கிருமி இருந்தது. அதனால் டாக்டர் எல்லோருக்கும் மருந்துத் தண்ணீரால் துடைத்துக் குளிப்பாட்டச் சொன்னார். இரண்டு மாசத்தில் மேல்கட்டில் கிருமி குறைந்துவிட்டது. கீழ்க்கட்டில் குறையவில்லை. சாறாம்மாவுக்கும் போகவில்லை.

நர்ஸ் ஜின்சி ஒருநாள் குளியறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன் சேச்சி."

"பாரு, பாரு. டிக்கெட்டா வாங்கணும்?"

ஏலிக்குட்டி ஔசேப்பு அச்சாயன் என்ற கிழவரை மருந்துத் தண்ணீரால் ஒழுங்காகத்தான் துடைத்தாள். துடைத்த கையோடு பயத்தமாவு போட்டுக் கழுவினாள். கிண்ணியில் கைவிட்டு எண்ணெய் எடுத்து, கழுத்திலிருந்து கால்வரை தேய்த்தாள்.

"மருந்தைக் கழுவிட்டீங்களே சேச்சி."

"பிசுபிசுன்னு இருக்கு மோளே. இப்படியே விட்டா பாவமில்லையா?"

"அது தோல்ல காஞ்சு நின்னாத்தான் வேலை செய்யும். கழுவி எண்ணெயும் போட்டா என்ன மிச்சமிருக்கும்? அப்புறம், இந்த ஒரு கிண்ணியில எத்தனை பேருக்கு?"

"பதினோரு பேருக்கும்." சொல்லும்போதே ஏலிக்குட்டியின் குரல் இறங்கிவிட்டது. "சாறாம்மாவுக்கும்தான்."

ஔசேப்பு அச்சாயன் முறைத்தார். "எண்ணெயில்லன்னா நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"போங்க அச்சாயா. பூட்டிக் கிடக்கிற வீட்டுல வௌவால்தான் கதவு திறக்கும்," என்றாள் ஏலிக்குட்டி. வழக்கமான கேலிதான், ஆனால் அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் ஜின்சியோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே போய் நின்றாள்.

"உடம்புக்கு எண்ணெய் வேண்டாம், சரி. தலைக்கு விடுவேன். அதுல மட்டும் கை வைக்காதே."

"தலைக்கு விடுங்க. ஆளுக்கொரு குப்பி. ஒருத்தரைத் தொட்டுட்டு அடுத்தவரைத் தொடுறதுக்கு முன்னாடி கை கழுவணும்."

"கழுவிக் கழுவி என் கை தேயட்டும்," என்று முனகிக்கொண்டே போனாள்.

அன்றைக்குக் கையுறை மாட்டி, மேலங்கி போட்டு, கோடி அறைக்குப் போனாள். சாறாம்மாவைத் துடைத்துவிட்டு, மருந்து காயட்டும் என்று காத்திருந்தாள்.

"அம்மச்சி, உங்களை இங்க இத்தனை நாள் இருக்க வச்சதுல எனக்கும் பங்கு இருக்கு. அந்த எண்ணெய்தான்."

சாறாம்மா மருந்து காயாத கையை ஊதிக்கொண்டாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் தேயின்னு கேட்டது யாரு? நான்தானே," என்றாள். "போ, அந்தக் கஞ்சியை எடு. ஆறிப்போச்சான்னு பாரு."

அடுத்த மாசத்திலிருந்து கீழ்க்கட்டில் புதிதாக யாருக்கும் கிருமி வரவில்லை. புண்ணும் மெல்ல மூடிக்கொண்டு வந்தது. சாறாம்மாவுக்கு முதல் பரிசோதனை சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதற்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், முடிவு வர ஒரு வாரமாகும்.

அதற்குள் பழைய அறையில் பெண்ணம்மா, சாறாம்மா கட்டிலில் தான் குவித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்ததும் வராததுமா ஜன்னலைச் சாத்துன்னு கத்துவா," என்றாள். "கத்தட்டும். நான் சாத்தப்போறதில்ல."

ஏலிக்குட்டி கையைக் கழுவிவிட்டு வந்து, மெத்தையைத் தட்டிப் போட அதன் ஒரு முனையைப் பிடித்தாள்.