நகர்மன்ற உறுப்பினர் ஏறாத விமானம்

ஜெர்மனியின் டெசாவ் நகர விமானத் தொழிற்சாலையில் ஹுல்டா ஸாபெலை விட ஒல்லியான ஆள் கிடையாது. ஆகவே வால்பகுதிக்குள் தவழ்ந்துபோய் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. முதல் உலகப் போர் முடிந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. போர் விமானம் செய்த கைகள், நான்கு பயணிகள் மூடிய அறைக்குள் மெத்தையில் உட்கார்ந்து போவதற்கான விமானத்தைச் செய்துகொண்டிருந்தன. மரமும் துணியும் இல்லை. முழுக்க உலோகத் தகடு.

ஊர் சிரித்தது. நகர்மன்ற உறுப்பினர் லோப்னிட்ஸ் பீர்க்கடையில் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "தகர டப்பாவுக்கு றெக்கை ஒரு கேடா?"

டப்பா பறந்தது. மறு வாரமே, ஜூலை வெயிலில் ரோமக் கோட்டு மாட்டிக்கொண்டு, கூடவே ஒரு புகைப்படக்காரனுடன் அவர் வந்து நின்றார். முதல் பயணி அவர்தானாம். படியில் காலை வைத்துப் படமும் எடுத்தாயிற்று. விமானத்தின் மூக்கிலிருந்த விசிறி உறுமிச் சுற்றியதும் மனிதருக்கு முகம் வெளுத்தது.

"வயிறு ஒரு மாதிரியா இருக்கு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"பயணி எடையோட பறக்கிற சோதனை இது, எடை குறையக் கூடாது. ஹுல்டா, நீ ஏறு!" என்று கத்தினார் மேஸ்திரி கோப்ரிஷ். "மடியில ரெண்டு மணல் மூட்டைய வச்சுக்க!"

அவள் ஏறினாள். வீடுகள் சிறுத்தன. முல்டே ஆறு எல்பே நதியில் போய்ச் சேரும் இடத்தை மேலிருந்து பார்த்தபோது மூட்டைகளை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பத்திரிகையில் வந்ததோ ரோமக் கோட்டுதான். "வானத்தில் நம் உறுப்பினர்." அடுத்து, நகர மண்டபத்தில் சொற்பொழிவு வேறு. மேகத்தைக் கையால் தொட்டாராம். தொட, முதலில் சன்னலைத் திறந்திருக்க வேண்டும். கூட்டத்திலிருந்து ஹுல்டா எழுந்தாள்.

"ஐயா, மேல போனப்போ முல்டே எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ஆறா? மேகம் மறைச்சிடுச்சும்மா."

"அன்னைக்கு வானத்துல பஞ்சு அளவுகூட மேகமில்லையே! உங்க வயித்துலதான் ஏதோ இடி இடிச்சுது."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. லோப்னிட்ஸ் தொப்பியைக்கூட எடுக்காமல் பின்வாசல் வழியாகப் போனார்.

மறுநாள் தொழிற்சாலை மேலிடத்தில் அவளை வேலையிலிருந்து நீக்கச் சொல்லிப் பேச்சு எழுந்தது. கோப்ரிஷ் தோளைக் குலுக்கினார். "நீக்குங்க. அடுத்த விமானத்தோட வாலுக்குள்ள யாரு போறது? ஐயா நுழைவாரா?"

 அதற்குள் ஹுல்டா சுத்தியலோடு அடுத்த வாலுக்குள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.