இருபது நிமிடத் தண்ணீர்

எனக்குப் பொறுமை கிடையாது. நர்ஸ் வேலைக்கு இது பெரிய குறை என்று பயிற்சியின்போதே சொன்னார்கள். காரியாபட்டிப் பக்கம் சில வருஷம் கத்திக் கழித்துவிட்டு, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சிவகாசிப் பக்கம், நாரணாபுரத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊருக்குக் கிராமச் செவிலியராக மாற்றலாகி வந்தேன். போன் போட்டதும் ஓடிவரும் 108 வண்டியெல்லாம் அப்போது இல்லை. ஊரைச் சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். பாதி வீடுகளில் பெண்கள் திரி செருகவும் மருந்து அடைக்கவும் போய்வந்தார்கள்.

முதல் தீபாவளி சீசனிலேயே கை வெந்த ஒரு பெண்ணை என்னிடம் கூட்டிவந்தார்கள். வருவதற்குள் காயத்தின் மேல் பேனா மையை ஊற்றி, அதற்கு மேல் இட்லி மாவை அப்பியிருந்தார்கள். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டுப் படவில்லை. காயம் ஆறியபோது விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அதன்பின் தலை பின்னக்கூட அவளுக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் ஊரில் ஒரு குழு போட்டே தீருவது என்று அலைந்தேன்.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், பக்கத்துக் கம்பெனி போர்மேன், மகளிர் குழுத் தலைவி, கோயில் கமிட்டியில் ஒருவர், எங்கள் சர்ச்சில் ஒருவர், நான். முதல் இரண்டு கூட்டமும் விபத்து நடந்தால் சர்ச் மணியை அடிப்பதா, கோயில் மைக்கில் சொல்வதா என்பதிலேயே போயின. மூன்றாம் கூட்டத்தில் நான் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூட மணியை விடாமல் அடிப்பது என்று முடிவானது. மணி அடித்தால் யாரும் கம்பெனியைப் பார்த்து ஓடக்கூடாது. ஓடினால் பாதையும் அடைபடும், அடுத்த அறை வெடித்தால் பார்க்கப் போனவர்களும் திரும்ப மாட்டார்கள். காயம்பட்டவர்களைப் போர்மேன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். கம்பெனி வேன் வந்து சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை அவர்கள் என் பொறுப்பு.

என் பொறுப்பு என்பது ஒரே ஒரு காரியம்தான். வெந்த இடத்தில் இருபது நிமிடம் நிறுத்தாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இதைச் சொன்னதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊரில் அடிபம்பை அடித்தால் காற்றுதான் வரும். நல்ல தண்ணீர் லாரியில் வந்தால் உண்டு. வந்த அன்று நிரப்பிய குடங்களை வைத்து அடுத்த லாரி வரும்வரை ஓட்ட வேண்டும். மகளிர் குழுத் தலைவி வாயாடி; எனக்குச் சரியான ஜோடி.

"என்ன நர்ஸம்மா பேசுறீக? அம்புட்டுத் தண்ணியையும் மண்ணுல கொட்டச் சொல்றீகளே. லாரி எப்ப வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"கை போனா வருமா?" என்று கேட்டேன்.

"ஒரு செம்பு ஊத்துனா பத்தாதா?"

ஒத்திகை அன்று கூத்தே நடந்தது. தலைமையாசிரியர் தாமாகவே முன்வந்து தீக்காயக்காரராக நடித்தார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு 'அம்மா, அம்மா' என்று ஒழுங்காக முனகினார். தலைவி காலிக் குடத்தை அவர் கைக்கு மேலே சாய்த்து, "ஊத்தியாச்சு சார்" என்றாள். பின்னால் நின்றவர்களும் வரிசையாக வந்து காலிக் குடத்தைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். நான் கத்தினேன். போர்மேன் சிரித்துக்கொண்டே சமாதானத்துக்கு வந்தார். கம்பெனிச் செலவில் ஒரு பெரிய நீல டிரம் வாங்கித் தருவதாகவும், மாதம் ஒரு தடவை டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவதாகவும் சொன்னார். டிரம் வந்தது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வைத்து, 'தீக்காயத்துக்கு மட்டும்' என்று என் கையாலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதினேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். எவ்வளவு பெரிய மடத்தனம் என்று பிறகுதான் தெரிந்தது.

புரட்டாசி மாதம், சீசன் உச்சத்தில் இருந்தது. காலை பத்தரை இருக்கும். பெரிய வெடிச் சத்தம் இல்லை. கனத்த துணியை உதறியதுபோல 'புஸ்' என்று ஒரு சத்தமும் கொஞ்சம் வெள்ளைப் புகையும்தான். பள்ளிக்கூட மணி விடாமல் அடித்தது. நான் சைக்கிளில் பறந்தேன். சற்று நேரத்தில் போர்மேன் ஒரு மொபெட்டில் வந்து நின்றார். அவர் பின்னால் ஒரு பெண், இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பின்னாலிருந்து இன்னொருத்தி தாங்கிப் பிடித்திருந்தாள். திரி செருகிக்கொண்டிருந்தபோது மருந்து குபீரென்று பற்றிவிட்டதாம். அறையில் இருந்த மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். இவளுக்கு மட்டும் முழங்கை வரை வெந்திருந்தது. வேன் லோடு ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போயிருக்கிறது, சொல்லி அனுப்பியாயிற்று, அரை மணியாவது ஆகும் என்றார் போர்மேன்.

கை வீங்குவதற்குள் அவள் வளையல்களை உருவிக்கொண்டே, "டிரம்மத் திறங்க" என்றேன். டிரம்மின் குழாயைத் திருகினார்கள். ஒரு கோப்பை அளவு வந்தது. அத்தோடு நின்றுவிட்டது.

யாரைத் திட்டுவது? ஒரு குடம்தானே என்று ஆளுக்கு ஒரு குடம் எடுத்திருக்கிறார்கள். அவர்களை ஏன் சொல்ல வேண்டும்? வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து நானே இரண்டு தடவை அதில் முகம் கழுவியிருக்கிறேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். மூன்று மாதப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள்.

"நர்ஸம்மா, கை போயிருமா? எம்பிள்ளைய எப்பிடித் தூக்குவேன்?"

டிரம்மில் வந்த அந்த ஒரு கோப்பைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அவள் கைகளில் விட்டேன்.

அப்போது தெருவிலிருந்து தலைவி வந்தாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். இரண்டும் நிறைந்து தளும்பின. டிரம் காலி என்று அவளுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது, என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக வந்து அந்தக் கைகளின் மேல் ஊற்ற ஆரம்பித்தாள்.

"மெதுவா" என்றேன். "ஒழுகுற மாதிரி, நிறுத்தாம."

"தெரியும், சும்மா இருங்க நர்ஸம்மா. ஏ புள்ள, அண்டாவக் கீழ வையி! அடுத்த குடம் எங்க?"

அடுத்த குடம் வந்துவிட்டது. அதற்கடுத்ததும் வந்தது. யாரும் வரிசை நிற்கச் சொல்லவில்லை, நின்றார்கள். ஒருத்தி ஊற்றி முடிக்கும்போது அடுத்தவள் குடத்தைச் சாய்க்கத் தயாராக இருந்தாள். தண்ணீர் லாரி முந்தைய நாள்தான் வந்திருந்தது. சமைக்கவும் குடிக்கவும் வைத்திருந்த தண்ணீர் முழுவதும் அந்த அண்டாவில் வந்து விழுந்தது. நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் அந்தப் பெண்ணின் முனகல் குறைந்தது. பதினைந்தாவது நிமிடம், "எரிச்சல் கொஞ்சம் அடங்குது" என்றாள். இருபது ஆனபிறகு போதும் என்றேன். தலைவி, "இருக்கட்டும், வேன் வரலைல்ல" என்று இன்னொரு குடத்தைச் சாய்த்தாள்.

வேன் வந்ததும் வெளுத்த வேட்டித் துணியை அவள் கைகளில் தளர்வாகச் சுற்றி நானும் கூடவே போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "காயம் ஆழமாப் போகலை. தப்பிச்சிருச்சு. யார் தண்ணி ஊத்துனது?" என்று கேட்டார். ஊரே ஊற்றியது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதேன். அப்படி ஓர் ஆறுதல்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பியபோது பாதி வீடுகளில் உலை வைக்கவில்லை. தலைவி வாசலில் நின்று போர்மேனை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குள்ள எங்க தெருவுக்கு ஒரு லோடு தண்ணி வரணும். அந்த டிரம்முக்குப் பூட்டும் வரணும். சாவி எங்கிட்ட இருக்கும். நர்ஸம்மாவுக்கும் குடுக்க மாட்டேன்." போர்மேன் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். மறுநாள் இரண்டும் வந்தன.

அந்தப் பெண் பல வாரம் கட்டுப்போட வந்துபோனாள். ஒவ்வொரு தடவையும் விரல்களை மடக்கி நீட்டச் சொல்லி உயிரை வாங்கினேன். வலியில் என்னைத் திட்டிக்கொண்டே செய்தாள். அப்புறம் கொஞ்ச நாள் வரவில்லை.

பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி போடத் தூக்கிவந்தாள். கைகளில் தோல் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. பிள்ளை நல்ல புஷ்டி, என்னைக் கண்டதும் கால் இரண்டையும் உதைத்து வீரிட்டது. "ஆடாமப் புடிச்சுக்கணும்" என்றேன், வழக்கம்போல அதட்டலாக. அவள் அந்த விரல்களை விரித்து, பிள்ளையை மடியோடு அணைத்து அழுத்திப் பிடித்தாள். நான் ஊசியைப் போட்டு எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தும்வரை பிள்ளையால் ஓர் அங்குலம்கூட அசைய முடியவில்லை.