வைத்திலிங்கம் ஐயா படத்தில் தொங்கிய மாலை

வைத்திலிங்கம் ஐயா காலமாகிவிட்டார் என்று எங்கள் வங்கியில் பதிவான பிறகு, அவரே மனைவியோடு கவுண்டருக்கு வந்து நின்றார். மன்னார்குடிக் கிளையில் நான் அப்போது அட்டெண்டர்.

பிள்ளைகளே, ஐயா வெள்ளைக்காரர் ஆண்ட மலாயாவில் ரயில்வே கிளார்க்காகச் சேர்ந்தவர். அந்தப் பென்ஷன் கடல் தாண்டி எங்கள் கிளைக்கு வரும். நிலமோ பிள்ளையோ இல்லாத அவருக்கும் மரகதம் அம்மாளுக்கும் அதுதான் சோறு. ஆள் உயிரோடிருக்கிறார் என்று வருஷாவருஷம் நாங்கள் லைஃப் சர்டிபிகேட் அனுப்ப வேண்டும்.

அந்த வருஷம் ஐயாவுக்குக் காலில் அடி. வீட்டில் போய்ப் பார்த்துவர மேனேஜர் வங்கியின் வெளிவேலை ஏஜென்ட் ஒருவரை அனுப்பினார். காலுக்குக் கட்டு மாற்ற இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர், சுவரில் ஐயாவின் படமும் அதில் மாலையும் தொங்கக் கண்டு, 'காலமானார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பென்ஷன் நின்றது.

அது திருக்கடையூரில் எண்பதாம் கல்யாணத்துக்குப் போட்ட மாலை. "எனக்கப்புறம் மாட்ட யாரு இருக்கா?" என்று ஐயாவே படத்தில் மாட்டியது.

கவுண்டருக்கு வந்து நின்ற ஐயாவிடம் மேனேஜர் சொன்னார்: "உயிரோட இருக்கறவங்க படத்துக்கு யாராவது மாலை போடுவாங்களா பெரியவரே? என்னால வந்த தப்புன்னு மன்னிப்புக் கடிதம் குடுங்க. சரி பண்ணிடலாம்."

"நானும் தலையால அடிச்சுக்கிட்டேங்க, கேட்டாத்தானே" என்றார் மரகதம் அம்மாள். "எழுதிக் குடுத்துடுங்க. வீட்ல அரிசி இல்ல."

ஐயா பையிலிருந்து அந்தச் சருகு மாலையை எடுத்தார். கழுத்தில் போட்டுக்கொண்டு மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்தார். மேஜையெல்லாம் காய்ந்த இதழ்கள்.

"இப்ப எனக்கே மாலை போட்டாச்சு. இப்பவும் காலமானார்னு எழுதுவீங்களா சார்? என் சுவரு, என் படம், என் மாலை. எட்டிப் பாத்தவரு கேக்கட்டும் மன்னிப்பு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "இவரை வெளியில கூட்டிட்டுப் போப்பா."

"மாட்டேங்க சார். ஐயா மேல தப்பில்ல."

"மெமோ வேணுமா உனக்கு?"

"குடுங்க சார், வாங்கிக்கிறேன்."

வரிசையில் நின்ற விவசாயி ஒருவர், "உசுரோட இருக்காருன்னு நாங்க வேணா கையெழுத்து போடுறோங்க" என்றார். சிரிப்பு எழுந்தது. மேனேஜர் பேனாவைத் திறந்தார். 'நேரில் பார்த்தேன்' என்று அவரே எழுதி அனுப்பினார். பென்ஷன் திரும்ப வந்தது. எனக்கு மெமோவும் வந்தது.

நான் கற்றது இதுதான்: உயிரோடிருப்பதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காதீர்கள்.

ஐயா வங்கிக்கு வந்த அன்றே வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த மாலையை அதே ஆணியில் மாட்டினார்.